மானா: சேர்த்து வைப்பதா, ஊற விடுவதா, அடித்துப் பெறுவதா?

பாதாளத்துக்குள் இறங்கிச் சண்டையிடும் டஞ்சன் விளையாட்டுகளில் மந்திரவாதியை எடுத்து ஆடுகிற யாரும் முதலில் பார்ப்பது எத்தனை மானா, அதாவது மந்திரம் விடச் செலவாகும் சக்தி, இருக்கிறது என்பதைத்தான். எனக்கு அது இரண்டாவது கேள்வி. தீர்ந்த மானாவைத் திருப்பித் தர அந்த விளையாட்டு என்ன விலை கேட்கிறது என்பதுதான் முதல் கேள்வி. சாப்பாடா, காசா, வந்த வழியே திரும்பி நடப்பதா, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரியின் பக்கத்தில் போய் நிற்பதா? அந்த விலை தெரிந்துவிட்டால் எந்த மந்திரத்தை எப்போது விடலாம் என்பது பாதிக்கு மேல் தானாகவே விளங்கிவிடும். ஒவ்வொரு முறையையும் இங்கே அந்த விலையை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் டஞ்சன் விளையாட்டு ஆடுகிறவர்கள் இரண்டு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை வாசகசாலை மாடியில் தாளும் பகடையுமாக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்கள் ஒரு கூட்டம். தினமும் கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில் போனை வைத்து ஆடுபவர்கள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்துக்கு எண்ணி வைத்த மந்திரம்தான் மந்திரம். இரண்டாவது கூட்டத்துக்குத் தானாக ஊறாத மானாவே பிடிக்காது. நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆடுகிறவன். இரண்டிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் சமமாக இல்லை.

எண்ணி வைத்த முறையிலிருந்து தொடங்குகிறேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிப்படி, விசார்டு என்ற மந்திரவாதிக்கு 5-ஆம் நிலையில் ஒரு நாளைக்கு முதல் தர மந்திரம் 4, இரண்டாம் தரம் 3, மூன்றாம் தரம் 2. மொத்தம் 9 தடவை. கேன்ட்ரிப் என்ற சின்ன மந்திரங்களுக்குக் கணக்கே கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் விடலாம். ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் மூன்றாம் தரம். அதாவது நாள் முழுக்க இரண்டே இரண்டு. 8 மணி நேர நீண்ட ஓய்வு எடுத்தால்தான் எல்லாம் திரும்பும், அதுவும் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவைதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த முறை சட்டென்று பிடிபட்டுவிடும். பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்று 1970-இலேயே எழுதியாகிவிட்டது. மொத்த அளவில் சந்தேகம் இல்லை. எந்த வாரம் எவ்வளவு வரும் என்பதில்தான் பயிர் பிழைப்பதும் காய்வதும் இருக்கிறது. விசார்டின் ஒன்பது மந்திரமும் அப்படித்தான். எத்தனை என்பது காலையிலேயே தெரியும், எப்போது என்பதில்தான் ஆடுபவரின் புத்தி வெளிப்படும்.

இந்த முறைக்கு ஒரு நோய் உண்டு. முதல் அறையிலேயே இரண்டு ஃபயர்பாலையும் விட்டுவிட்டு, "அண்ணா, தூங்கி எந்திரிச்சுப் போலாமுங்களா?" என்று மந்திரவாதி ஆடும் தம்பி கேட்பான். கதை நடத்துகிறவர் சரி என்று சொல்லிவிட்டால் ஒன்பது மந்திரம் என்ற வரம்புக்கே பொருள் இல்லை, ஒவ்வொரு அறையிலும் முழு பலத்தோடு போய் நிற்கலாம். ஓய்வுக்கு விலை இல்லாதபோது எண்ணிக்கை வெறும் அலங்காரம். எனவே கதை நடத்துகிறவர்தான் விலையை வைக்க வேண்டும். நீங்கள் தூங்கும் 8 மணி நேரத்தில் தப்பிய கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஆள் கூட்டி வருகிறான், பிணைக்கைதியை வேறு அறைக்கு மாற்றுகிறார்கள், வாசலை உள்ளிருந்து அடைக்கிறார்கள். இதில் ஒன்றை ஒரு தடவை செய்து காட்டினால் போதும், அடுத்த வாரம் மேசையில் எல்லோரும் விரல் விட்டு எண்ணி ஆடுவார்கள்.

அதே புத்தகத்துக்குள்ளேயே போட்டியாளர் ஒருவரும் இருக்கிறார், வார்லாக் என்ற இன்னொரு வகை மந்திரவாதி. 5-ஆம் நிலையில் அவருக்கு இரண்டே மந்திரம், இரண்டுமே மூன்றாம் தர வலுவில். ஆனால் ஒரு மணி நேரக் குறு ஓய்விலேயே இரண்டும் திரும்பிவிடும். ஒரே நாளில் ஐந்தாறு சின்னச் சண்டை, நடுநடுவே மூச்சுவிட நேரம் என்றால் வார்லாக் விசார்டை முந்திவிடுவார். ஒரே பெரிய சண்டை என்றால் விசார்டுக்கு நிகரில்லை. விசார்டும் நாளுக்கு ஒருமுறை குறு ஓய்வில் கொஞ்சம் மீட்டுக்கொள்ளலாம், 5-ஆம் நிலையில் அது ஒரு மூன்றாம் தர மந்திரத்துக்குச் சமம். பலர் அதை மறந்தே போகிறார்கள். வார்லாக்கின் குறை, சின்ன வேலைக்குக்கூடப் பெரிய மந்திரத்தைச் செலவழிக்க வேண்டியிருப்பது. கதை நடத்துகிறவர் குறு ஓய்வுக்கு இடம் தருவாரா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தராதவர் என்றால் வார்லாக் பக்கமே போகாதீர்கள்.

கணினியில் இந்த எண்ணிக்கை முறையைக் கறாராகக் கொண்டுவந்தது 1981-இல் வந்த விசார்ட்ரி என்ற விளையாட்டு. மந்திரங்கள் ஏழு தரம், ஒரு தரத்துக்கு அதிகபட்சம் 9 தடவை. பத்து மாடி ஆழமுள்ள பாதாளத்துக்குள் எங்கே இருந்தாலும், மேலே கோட்டைக்குத் திரும்பி விடுதியில் தங்கினால்தான் நிரம்பும். விலை என்ன என்றால் திரும்பி வரும் வழி. அந்த வழியிலும் எதிரிகள் வருவார்கள். அதனால் கையிருப்பு பாதியானதும் திரும்பிவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு கதவைக்கூடத் திறக்கக் கூடாது. நான் பார்த்த எண்ணிக்கை முறைகளில் இதுதான் மிக நேர்மையானது. கதை நடத்துகிறவரின் தயவு தேவையில்லை, வரைபடமே விலையைச் சொல்லிவிடுகிறது.

1996-இல் வந்த டயாப்ளோ வேறு வழியில் போனது. அதில் மானா தானாக ஊறவே ஊறாது. நீலக் குப்பி குடித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஊர் ஓரத்தில் குடிசை போட்டிருக்கும் அட்ரியா விற்பாள், காசு கொடுத்து வாங்க வேண்டும். இடுப்பு பெல்ட்டில் எட்டுக் குப்பிதான் செருகலாம், மீதி பையில் இடத்தை அடைக்கும். காசும் அதே பையில்தான் கிடக்கும். ஆக மானா, காசு, பை இடம் மூன்றும் ஒரே முடிச்சு. இதில் ஒரு நல்ல சூட்சுமம் உண்டு. நிலை ஏறினால் உயிரும் மானாவும் முழுசாக நிரம்பும். அனுபவப் புள்ளி நிரம்பும் தருவாயில் குப்பி குடிக்காமல், இருக்கும் மானாவைக் கொட்டி அடித்துவிட்டு நிலை ஏறுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

2000-இல் வந்த இரண்டாம் டயாப்ளோவில் மானா தானாக ஊறத் தொடங்கியது. உதவிக் கருவி எதுவும் இல்லாவிட்டால் காலியிலிருந்து முழுசாக நிரம்பச் சுமார் இரண்டு நிமிடம். மொத்தம் எவ்வளவு இருந்தாலும் அதே இரண்டு நிமிடம்தான் என்பதால், மொத்தத்தைக் கூட்டினால் நொடிக்கு ஊறும் அளவும் கூடும். ஊரில் மானாக் குப்பி விலைக்குக் கிடைக்காது. காசு என்ற விலையை எடுத்துவிட்டுக் காத்திருப்பதை வைத்தார்கள். ஆட வேகமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதல் பாகத்தில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் இருந்த அந்தக் கனம் இதில் இல்லை.

என் மனசுக்கு மிக நெருக்கமான போட்டி நெட்ஹேக் என்ற விளையாட்டுக்கும் டஞ்சன் கிரால் ஸ்டோன் சூப் (சுருக்கமாகக் கிரால்) என்ற விளையாட்டுக்கும் இடையில்தான். இரண்டும் இலவசம், இரண்டும் பழைய லேப்டாப்பில் ஓடும், இரண்டிலும் செத்தால் செத்ததுதான்.

நெட்ஹேக்கில் மந்திரத்தின் தரத்தை ஐந்தால் பெருக்கினால் வருவது செலவு. முதல் தர ஃபோர்ஸ் போல்ட் 5 புள்ளி. தொடக்கத்தில் அதை ஒன்றிரண்டு தடவை விட்டாலே கை காலி. 3.6 பதிப்பில் முதல் நிலை விசார்டுக்குச் சுமார் 18 டர்னுக்கு (ஒரு டர்ன் என்பது ஏறக்குறைய நம் ஒரு நகர்வு) ஒருமுறைதான் கொஞ்சம் ஊறும். காத்திருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் வயிறு குறுக்கே வருகிறது. 900 ஊட்ட அளவோடு தொடங்குகிறோம், சும்மா நின்றாலும் டர்னுக்கு ஒன்று குறையும். போதாததற்கு, மந்திரம் விடுவதே பசியைத் தரும். செலவழித்த புள்ளியைப் போல இரண்டு மடங்கு ஊட்டம் போய்விடும். இதிலிருந்து தப்ப வழி விசார்டுக்கு மட்டும்தான். அறிவு 17 அல்லது அதற்கு மேல் இருந்தால் மந்திரப் பசியே கிடையாது, 16-இல் கால்வாசி, 15-இல் பாதி. மற்ற வகை வீரர் எத்தனை அறிவாளியானாலும் முழுப் பசிதான்.

இதன் அழகு என்னவென்றால், மானாக் கணக்கும் சோற்றுக் கணக்கும் ஒன்றாகிவிடுகின்றன. ஃபுட் ரேஷன் என்ற சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று 800 ஊட்டம். மேல் மாடியில் அதைச் சாப்பிட்டு மானா ஊற வைப்பதா, ஆழத்துக்கு மிச்சம் வைப்பதா? பசியால் தளர்ந்தபின் கடவுளை வேண்டிப் பிழைக்கலாம், ஆனால் அதற்கும் இடைவெளி வேண்டும். ஒரு விலைக்குப் பின்னால் இன்னொரு விலை, அதற்குப் பின்னால் இன்னொன்று. வளம் நிர்வகிப்பது என்றால் இதுதான் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது நெட்ஹேக்.

கிரால் ஒரு காலத்தில் அதே பாதையில்தான் போனது. அதிலும் மந்திரப் பசி இருந்தது. 2021-இல் வந்த 0.26 பதிப்பில் சாப்பாடு என்ற விஷயத்தையே தூக்கிவிட்டார்கள். பதிலாக ஒரு மாடியில் அளவுக்கு மேல் தங்கினால் தண்டிக்கும் கடிகாரம் ஒன்றை வைத்தார்கள். சாதாரணமாக ஆடுகிறவர் அதைத் தொடவே மாட்டார். இப்போது ஓய்வெடுக்க 5 என்ற விசையைத் தட்டினால் மானா நிரம்பிவிடும், விலை ஏறக்குறைய சுழியம். இப்படிப் பார்த்தால் என் அளவுகோலின்படி கிரால் தோற்க வேண்டும். தோற்கவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது.

கிராலில் மானாத் தொட்டி வேண்டுமென்றே சிறியது. கருவிகளைச் சேர்க்காமல் பார்த்தால் உச்ச வரம்பு 50. மந்திரத்தின் தரம் எத்தனையோ அத்தனை புள்ளி செலவு. ஒன்பதாம் தர மந்திரம் ஐந்து விட்டால் தொட்டி கிட்டத்தட்டக் காலி. எனவே இங்கே கணக்கு பாதாளம் முழுவதற்கும் இல்லை, ஒரே ஒரு சண்டைக்கு. ஓய்வு எடுக்க எவ்வளவு ஆகும் என்பது இங்கே கேள்வியே இல்லை, ஓய்வு எடுக்கும் இடம்வரை உயிரோடு போய்ச் சேர முடியுமா என்பதுதான் கேள்வி. கொல்லும்போது மானா தரும் வெஹுமெட் என்ற கடவுளை வணங்கினால் அந்தக் கணக்கும் மாறும். கடைசி எதிரிக்கு முந்தையவனை மலிவான மந்திரத்தால் முடித்து, வரும் மானாவைக் கடைசி ஆளின்மேல் இறக்கலாம். சண்டை நடுவில் கணக்குப் போடப் பிடிக்கும் என்றால் கிரால் நெட்ஹேக்கை வெல்லும். பயணம் முழுக்கக் கணக்குப் போடப் பிடிக்கும் என்றால் நெட்ஹேக். எனக்கு நெட்ஹேக்.

இங்கே இதே வகை விளையாட்டான அங்பேண்டையும் ஒரு வரி சொல்ல வேண்டும். அதில் மானா போதாவிட்டாலும் மந்திரத்தை விட்டுப் பார்க்கலாம். மயங்கி விழலாம், உடல்வலுவும் குறையலாம். அவசரத்துக்கு இப்படி ஒரு கதவு திறந்திருப்பது நல்ல யோசனை, மற்றவர்களும் எடுத்திருக்கலாம்.

அடித்துப் பெறும் முறைக்கு 2012-இல் வந்த மூன்றாம் டயாப்ளோவின் பார்பேரியன் என்ற முரட்டு வீரர் போதும். மானாவுக்குப் பதிலாக அவருக்கு இருக்கும் ஃப்யூரி காலியாகத் தொடங்கும், அடிக்க அடிக்க ஏறும், சும்மா இருந்தால் வடியும். சேமிப்புக்கே இடமில்லை. விறுவிறுப்பு உண்டு, திட்டம் போட ஒன்றுமில்லை.

அப்புறம் பஸ் கூட்டம். வேலந்தாவளம் தாண்டிக் கோவை போகும் வழியில் போன் சிக்னலை நம்பி ஆட முடியாது, நின்றுகொண்டு ஒரு கையால் ஆட வேண்டும், எந்த நிறுத்தத்திலும் மூட நேரலாம். அவர்களுக்கு நான் சொல்வது ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன். இணையம் வேண்டாம், விளம்பரம் கிடையாது. இதில் மானா என்றே ஒன்று இல்லை. ஒவ்வொரு மந்திரக்கோலுக்கும் தனித்தனி சார்ஜ், நேரம் போகப் போக அதுவே ஏறும்.

பலர் கவனிக்காத விதி ஒன்று இதில் இருக்கிறது. கோலில் எவ்வளவு அதிகம் காலியோ, அவ்வளவு வேகமாக அடுத்த சார்ஜ் ஏறும். நிரம்பிய கோல் எதையும் சேர்ப்பதில்லை, அந்த நேரம் வீண். ஆகவே பெரிய எதிரிக்காகக் கோலை நிரப்பியே வைத்துக்கொண்டு வாளால் வெட்டிக்கொண்டிருப்பது நஷ்டம். முதல் எதிரியிடமே ஒன்றிரண்டு சார்ஜை விட்டுவிடுங்கள், நடக்கும்போதே திரும்பிவிடும். முதலாளி அரக்கன் இருக்கும் ஐந்தாவது, பத்தாவது மாடிகளுக்கு இறங்கும் முன் மட்டும் நிரப்பிக்கொண்டு போங்கள். அந்தச் சண்டையில் கதவு பூட்டியபின் காத்திருந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்பக் கூடாது.

காத்திருப்புக்கான விலை இங்கேயும் பசிதான். சாப்பிட்டு 300 டர்னில் பசிக்கத் தொடங்கும், 450-இல் பட்டினி. நெட்ஹேக்கின் அதே முடிச்சு, ஆனால் சின்னத் திரையில் ஒரே பார்வையில் தெரியும் அளவுக்குச் சுருக்கியது. மேஜ் என்ற மந்திரவாதியை எடுக்கிறவர்கள் அவருடைய பேட்டில்மேஜ் கிளையைப் பார்க்கலாம். கைத்தடியால் அடித்தாலே அதில் கொஞ்சம் சார்ஜ் ஏறும், அடித்துப் பெறுவதும் ஊற விடுவதும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிடும். உடம்பு மெலிந்த மந்திரவாதி முன்வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான் அதற்கான விலை, நல்ல கவசம் கிடைக்கும்வரை அந்தக் கிளையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வாசகசாலைக் கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவர் யாராவது கேட்டால், முதலில் போனில் ஷாட்டர்டை ஒரு மாதம் ஆடிவிட்டு, அப்புறம் விசார்டு தாளை எடுக்கச் சொல்கிறேன். வார்லாக் தாள் அதற்கும் பிறகு. லேப்டாப் கையில் இருப்பவர்கள் நடுவில் நெட்ஹேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விசார்டாக, அறிவு 17 இருக்கிறதா என்று முதல் திரையிலேயே பார்த்துவிட்டு.