மாகாண சபையா, பிரதேச சபையா, தனி அலகா?

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில், பிள்ளைமடுவத்துக்கு (குழந்தைக் காப்பகத்துக்கு) போகிற வழியில் மதகு ஒன்று இடிந்து கிடந்தது. பிரதேச சபையில் (உள்ளூராட்சி மன்றத்தில்) கேட்டால், "அது தோட்டத்துப் பாதை, துரையைப் பாருங்க." துரையை, அதாவது தோட்ட மேலாளரைக் கேட்டால், "கம்பெனியில் காசில்லை." மழைக்காலத்தில் ஆயம்மா பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித்தான் அக்கரை சேர்த்தார். அதிகாரப் பகிர்வு என்று யார் பேசினாலும் எனக்கு அந்த மதகுதான் ஞாபகம் வரும். கொழும்பின் அதிகாரம் மலையகத் தமிழரான நம்மிடம் எந்த வழியாக வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு வந்தது மாகாண சபை. பாடசாலை விஷயத்தில் அது நமக்கும் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் தோட்டக் காணி அரசுடையது, 1992 முதல் கம்பெனிகளின் கையில். காணி விவகாரத்தை நிர்வகிப்பது கொழும்பிலுள்ள மத்திய அரசு. மாகாணங்களுக்கு என்று எழுதிய காணி அதிகாரமோ இன்னும் ஏட்டில்தான். சபையாவது இருக்கிறதா? மத்திய மாகாணத்தில் கடைசித் தேர்தல் 2013இல் நடந்தது. 2018இல் காலம் முடிந்ததிலிருந்து ஆளுநர் ஆட்சிதான்.

அடுத்தது நிலத்தொடர்பற்ற தனி அலகு, அதாவது ஒட்டிக் கிடக்காத நம் பகுதிகளையெல்லாம் சேர்த்து ஒரே நிர்வாகம். இந்தியாவின் புதுச்சேரியை உதாரணம் காட்டுவார்கள்: காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சிதறிக் கிடந்தும் ஒரே அரசு. ஊவா, சப்ரகமுவ மாகாணங்கள் வரை பரந்து, நுவரெலியா மாவட்டம் தவிர எங்கும் சிறுபான்மையாக வாழும் நமக்கு இது கவர்ச்சியான யோசனை. கல்விக்கும் மொழிக்கும் சரிவரலாம். ஆனால் தோட்டத் தொழிலாளரின் லய வரிசை வீடுகளும் சிங்களக் கிராமமும் ஒரே ரோட்டைப் பாவிக்கிற இடத்தில் எல்லைக் கோட்டை எங்கே போடுவது?

என் ஓட்டு பிரதேச சபைக்குத்தான். தோட்ட மக்கள் அதற்கு வாக்குப் போட்டார்கள், ஆனால் தோட்டத்துக்குள் அதன் காசைச் செலவழிக்க 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. 2018இல்தான் திருத்தினார்கள். அதே ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரண்டு பெரிய சபைகள் ஆறாகின. அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா புதியவை. சபைத் தலைவரான தவிசாளரை பஸ் ஏறிப் போய்த் திட்டிவிட்டு வரலாம், அதுவே பெரிய விஷயம். காசுதான் போதாது. கொழும்பு பிரிக்க வேண்டியது அதைத்தான்.

திருத்தம் வந்த பிறகு மறுபடி சபைக்குப் போனேன். மதகு கட்டித் தருகிறோம் என்றார்கள். அப்புறம் மெதுவாக, "துரையிடமிருந்து ஒரு கடிதம் மட்டும் வாங்கிக்கொண்டு வாங்க" என்றார்கள். காணி இன்னும் குத்தகையில்தானே இருக்கிறது.