ஏற்காட்டுச் சரிவில் வீடு: எந்த மென்பொருள் எதற்கு?

ஏற்காட்டில் சரிவு மனை வாங்கியவர்கள் இப்போது ஏஐ வரைந்த படத்தோடுதான் எங்களிடம் வருகிறார்கள். படம் அழகுதான். மேட்டுப் பக்கம் குட்டைத் தூண், பள்ளத்துப் பக்கம் நெட்டைத் தூண், மேலே கண்ணாடி பால்கனி. என் பயம் அந்தக் குட்டைத் தூண்தான்.

ஒரே தளத்தைத் தாங்கும் இரண்டு தூண்கள், குறுக்களவும் ஒன்றே. ஒன்றின் உயரம் 3 மீட்டர், மற்றது 1.5 மீட்டர் என்று வையுங்கள். உயரம் பாதியானால் விறைப்பு, அதாவது வளையாமல் எதிர்த்து நிற்கும் தன்மை, 8 மடங்கு. நிலம் அதிரும்போது தளம் இரண்டையும் ஒரே அளவு தள்ளுவதால், குட்டைத் தூண் 8 மடங்கு விசையை வாங்கி முதலில் உடையும். நில அதிர்வு வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1893 (2016) படி சேலம் மூன்றாம் நில அதிர்வு மண்டலம், அதிர்வின் கடுமையைக் குறிக்கும் மண்டலக் காரணி 0.16. அலட்சியமாக விடும் அளவல்ல.

இப்படி ஒரு மனையின் விவரத்தை ஒரு சாட்பாட்டிடம் கொடுத்தேன். எல்லாத் தூணுக்கும் ஒரே அளவு, ஒரே கம்பி சொன்னது. குட்டைத் தூண் பற்றி நானே கேட்ட பிறகு சரியாக விளக்கியது. கேட்கத் தெரிந்த எஞ்சினியருக்கு அது துணை. வீட்டுக்காரர் அதை மட்டும் நம்பிக் கம்பி வாங்கக் கூடாது.

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃபார்மா வேறு ரகம்; மனையில் கட்டடத்தை எப்படி வைப்பது என்று ஆரம்பத்திலேயே பார்க்கும் மென்பொருள். அந்த நிறுவனம் 2020-ல் வாங்கிய நார்வேயின் ஸ்பேஸ்மேக்கர்தான் 2023-ல் இந்தப் பெயரில் வந்தது. காற்றோட்டத்தை முழுக்கக் கணக்கிட நேரம் பிடிக்கும். இது பழைய கணக்குகளில் பயின்றதை வைத்து உடனே உத்தேசம் சொல்கிறது. வீட்டை எப்படித் திருப்பினால் காலை வெயில் உள்ளே விழும் என்றும் பார்க்கலாம். ஏற்காட்டுக் குளிரில் அது பெரிய விஷயம். தூண் கணக்கு அதன் வேலையல்ல.

அதற்கு நான் இன்றும் ஈடாப்ஸ் என்ற கட்டமைப்புக் கணக்கு மென்பொருளைத்தான் திறக்கிறேன். ஒவ்வொரு தூணின் உண்மையான உயரத்தையும் கொடுத்தால், விசை எங்கே குவிகிறது என்று காட்டிவிடும். சமதளம் போலக் கொடுத்தால் அதுவும் ஏமாற்றும். குட்டைத் தூணுக்கு அடி முதல் நுனி வரை நெருக்கமாகக் கம்பி வளையம் கட்டச் சொல்கிறது, நில அதிர்வைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான தரநிலை ஐஎஸ் 13920. டிராயிங்கில் இதைத்தான் முதலில் தேடுவேன்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழைக்கு ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். மனைக்கு அடியில் இருப்பது பாறையா, ஊறும் மண்ணா என்பது குழி தோண்டினால்தான் தெரியும். பணம் போதவில்லை என்றால் ஃபார்மாவை விட்டுவிடுங்கள். மண் பரிசோதனையையும், மனையின் மேடு பள்ளத்தை அளக்கும் கான்டூர் சர்வேயையும் விடாதீர்கள்.