அடைக்கு உட்காரும் சிறுவிடையா, எடை போடும் வனராஜாவா?

கொல்லையில் கறிக்கென்று பத்து இருபது கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எது சீக்கிரம் எடை வரும்?" என்றுதான். எடைதான் குறி என்றால் பிராய்லர் வாங்கிவிட்டுப் போகலாம். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ தாண்டும் அதை எந்த நாட்டுக்கோழியும் முந்தாது. (ஹார்மோன் ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள் என்பது வெறும் கதை. பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் கூட்டியதும், அதற்கேற்ற தீவனமும்தான் காரணம்.) மூன்று மாதம், ஐந்து மாதம் என்று காத்திருக்கத் துணிந்தவர் கேட்க வேண்டியது வேறு. குஞ்சை யார் வளர்ப்பது? நீங்களா, தாய்க்கோழியா?

எங்கள் வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது. அத்தை காலத்திலிருந்து இருப்பது சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி. பெட்டை ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றேகால். சேவல் கறிக்கு ஆக ஐந்தாறு மாதம் பிடிக்கும். நான் வந்து சேர்த்தது வனராஜா. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய கலப்பினம் இது. பல நிறத்தில் இறகு, நீண்ட கால், மேயத் தெரிந்த கோழி. ஓரளவு தீவனமும் மேய்ச்சலும் கிடைத்தால் மூன்று மாதத்தில் ஒன்றேகால், ஒன்றரை கிலோ நிற்கும். காகிதத்தில் பார்த்தால் வனராஜாதான் ஜெயித்தது.

ஆனால் வனராஜா அடைக்கு உட்காராது, அதாவது முட்டைமேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்காது. அந்தக் குணம் இருந்தால் முட்டை குறையும் என்று அதை ஒதுக்கித்தான் இனத்தையே உண்டாக்கியிருக்கிறார்கள். ஆக, ஒருநாள் குஞ்சு வாங்கி, தகரத்தை வளைத்துக் கட்டி, உமி பரப்பி, பல்பு தொங்கவிட்டு, முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்து என்று நாமே தாயாக வேண்டும். முதல் தடவை இருபத்தைந்து குஞ்சு வாங்கினேன். ஒன்பதாம் நாள் மழை ராத்திரியில் கரண்ட் போனது. விடிகாலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்து கிடக்கின்றன. அடியில் இருந்த ஏழு நசுங்கிப் போயிருந்தன. குளிரைவிட அந்தக் குவியல்தான் கொல்கிறது.

அதே வாரம் சிறுவிடை ஒன்று பதினொரு குஞ்சோடு வேப்பமரத்தடியில் கிளறிக்கொண்டிருந்தது. தரையில் பருந்தின் நிழல் ஓடியதும் தொண்டைக்குள் ஒரு நீளமான சத்தம். அவ்வளவுதான். குஞ்சுகள் செடிக்கடியிலும் வைக்கோலுக்குள்ளும் மாயமாகிவிட்டன. பல்பின் அடியில் வளர்ந்த என் குஞ்சுகளை ஒரு மாதம் கழித்து வெளியே விட்டபோது, அவை தலையைச் சாய்த்து வானத்தை வேடிக்கை பார்த்தன. அதில் இரண்டு பருந்துக்குப் போனது.

தீவனத்திலும் வித்தியாசம் உண்டு. சிறுவிடைக்குக் காலையில் ஒரு பிடி கம்பு, சாயங்காலம் நொய், நடுவில் அதுவே தேடிக்கொள்ளும். மண் சட்டிக்குள் ஈரச் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து இரவில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் அதில் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுக்கு அதைவிடச் சத்து வேண்டாம். வனராஜாவை இப்படி விட்டால் எடை வராது. முதல் ஆறு வாரமாவது கடைத் தீவனம் வேண்டும், அங்கேதான் காசு கரைகிறது.

நோயில் பெரிய வேறுபாடு கிடையாது. "நாட்டுக்கோழிக்கு எதுவும் வராது" என்பவர்கள் வெள்ளைக்கழிச்சல் ஒருமுறை வந்து கூடு காலியானதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குத் தடுப்பு, ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கை அடியில் ஊசி. எந்தக் கோழியானாலும் இதைத் தவறவிடக் கூடாது.

கடக்நாத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கருங்கோழி, 2018-ல் புவிசார் குறியீடு வாங்கியது. தோல், கறி, எலும்பு வரை கறுப்பு. முட்டை மட்டும் கறுப்பு இல்லை, கறுப்பு முட்டை என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். ஐந்து மாதம் வளர்த்தாலும் கிலோ தொடுவது பாடு, இதுவும் பெரும்பாலும் அடை உட்காராது. விலை கிடைக்கும் என்று ஆள் சேர்ப்பவர்களைக் கண்டால், 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணைகளை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் பட்ட பாடுதான் எனக்கு நினைவு வரும். பெருவிடை என்கிற பெரிய சண்டைக்கோழி? சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக் குதறும், தனித்தனியாகக் கட்டி வைக்க இடம் வேண்டும். கறிக்கு வளர்ப்பவருக்கு அது வேலை வைக்கும் கோழி.

சட்டிக்கு வந்தால் சிறுவிடைதான். மஞ்சள் தடவி வைக்கோல் தீயில் வாட்டி, தோலோடு வெட்டி, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டால் அந்தச் சாற்றுக்கு ஈடில்லை. வனராஜா இரண்டு மூன்று விசிலில் வெந்துவிடும், பிள்ளைகள் விரும்பித் தின்னும். சாறு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இப்போது நான் செய்வது அத்தை சொல்லிக் கொடுத்தது. சிறுவிடைக்கு ஐந்தாறு முட்டை மட்டும் அடை வைத்து, இருபத்தோராம் நாளுக்குக் கணக்காக வனராஜா ஒருநாள் குஞ்சு ஆறு சொல்லி வைக்கிறேன். அன்று ராத்திரி ஒவ்வொன்றாகக் கோழியின் வயிற்றடியில் செருக வேண்டும். "இருட்டுலதான் உடோணும். பகல்ல உட்டா எண்ணிப் பாத்துரும்" என்பார். எண்ணுகிறதோ இல்லையோ, பகலில் விட்டபோது கொத்தித் துரத்தியது உண்மை. பன்னிரண்டுக்கு மேல் வைக்காதீர்கள், சின்ன உடம்பு, இறக்கைக்குள் கொள்ளாது. பல்பு வேண்டாம், பருந்துச் சத்தமும் கற்றுக்கொள்கின்றன. ஏழாவது வாரம் தாயைவிடப் பிள்ளைகள் குண்டாக இருக்கும். அப்போதும் சாயங்காலம் அதன் அடியில் நுழையப் பார்த்து, கோழியையே தூக்கிவிடும்.

ஒன்று மட்டும். வனராஜா சேவல்களை நாலு மாதத்துக்குள், நன்றாகக் கூவத் தொடங்குமுன் கறியாக்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் சிறுவிடைப் பெட்டைகளை மிதிக்கும். அந்த முட்டையில் வரும் பெட்டைகள் அடைக்கு உட்காருமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. போன தைக்கு ஒரு சேவலை அழகாக இருக்கிறதென்று விட்டுவைத்தேன். அத்தை இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.