கடைத் துப்பாக்கியா, நாமே பூட்டியதா?

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பாகங்களைச் சேர்த்து ஒரு துப்பாக்கியைப் பூட்டிக்கொள்ள மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், தொழிலாகச் செய்து விற்பவரிடம்தான் லைசென்ஸ் கேட்கிறது. இதைக் கேள்விப்பட்டு ‘கிட்’ (பூட்டுவதற்கான பாகங்களின் தொகுப்பு) விலையைத் தேடத் தொடங்கும் நம்மவர்கள் அதற்கு முன் தங்கள் விசாவைப் பார்க்க வேண்டும்.

எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 2022-இல் இதன் உச்சபட்சத் தண்டனை 15 ஆண்டாக உயர்ந்தது. கிரீன் கார்டுகாரருக்கு இந்தத் தடை இல்லை. “நண்பர் பேரில் வாங்கிக்கலாம்” என்ற யோசனையை அடியோடு விடுங்கள். டீலரிடம் நிரப்பும் படிவம் 4473, உண்மையில் யாருக்காக வாங்குகிறீர்கள் என்று கேட்கிறது. தன் மாமாவுக்காக வாங்கிவிட்டு ‘எனக்குத்தான்’ என்று எழுதிக் கொடுத்த அப்ராம்ஸ்கி என்பவரின் தண்டனையை 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த மாமாவுக்குத் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கட்டத்தைத் தாண்டியவருக்கு, ஏஆர்-15 ரைஃபிளை வைத்துப் பார்த்தால், மூன்று வழிகள்.

முழுத் துப்பாக்கியாக வாங்குவதில் சொல்ல அதிகமில்லை. டீலர், படிவம், பின்னணிச் சோதனை, பணம். தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்தது, வாரண்டியோடு கையில் வரும்.

இரண்டாவது, சீரியல் நம்பர் பொறித்த லோயர் ரிசீவரை (டிரிகர் பொருந்தும் கீழ்ச் சட்டகத்தை) வாங்கி மற்ற பாகங்களைச் சேர்ப்பது. ஏஆர்-15-இல் சட்டம் ‘துப்பாக்கி’ என்று கருதுவது அந்த லோயரை மட்டுமே. அது டீலர் வழியாக, அதே படிவம், அதே சோதனையோடுதான் வரும். குழல், டிரிகர், தோளில் வைக்கும் பின்கட்டை எல்லாம் மத்திய சட்டப்படி சாதாரணப் பொருள்கள். ஆகவே பதிவைப் பொறுத்தவரை இதற்கும் கடைத் துப்பாக்கிக்கும் வித்தியாசம் கிடையாது. காசு மிச்சமாகும் என்று நம்பி இறங்காதீர்கள். கருவிகளையும் தனித்தனி அனுப்புகூலியையும் கூட்டினால் அடிப்படை மாடல் கடையிலேயே மலிவாகக் கிடைக்கலாம். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பிடித்த குழலைத் தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், பிறகு பழுது வந்தால் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

சிக்கலும் இங்கேதான். பின்கட்டையோடு 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலைச் சேர்த்தால் அது 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் போய்விடும். பூட்டுவதற்கு முன்பே, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் அனுமதி வேண்டும். ருமேனியா, போலந்து ராணுவத்தின் ஏகே ரக ரைஃபிள் கிட்களில் இன்னொரு கண்ணி. ரிசீவரை வெட்டி அழித்துவிட்டுத்தான் அவற்றை விற்கிறார்கள். அமெரிக்க ரிசீவரில் திரும்பப் பூட்டும்போது, விதி பட்டியலிடும் 20 வகைப் பாகங்களில் 10-க்கு மேல் வெளிநாட்டுச் சரக்காக இருக்கக் கூடாது. அந்த வேலைக்கு அழுத்த இயந்திரமும் ரிவெட் அடிக்கும் பழக்கமும் வேண்டும். புதியவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மூன்றாவது, ‘80 சதவீதம்’ என்ற பேரில் நம்பர் இல்லாமல் விற்றுவந்த அரைகுறை ரிசீவரும் கிட்டும். எளிதில் துப்பாக்கியாக்கக்கூடிய கிட்டும் துப்பாக்கிதான் என்று 2022-இல் ஏடிஎஃப் விதி வந்தது. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியை 7-க்கு 2 என்ற கணக்கில் செல்லும் என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோர்சச். இப்போது அத்தகைய கிட்டுக்கும் நம்பர், சோதனை இரண்டும் உண்டு. நாமே செய்துகொண்டதற்கு நம்பர் போட மத்திய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் சில மாநிலங்கள் விடுவதில்லை. கலிபோர்னியா 2018-லிருந்து முன்கூட்டியே நம்பர் பெறச் சொல்லி, 2022-இல் இன்னும் இறுக்கியது. நியூ ஜெர்சியில் நம்பரில்லாத துப்பாக்கி செய்வதற்காகப் பாகம் வாங்குவதே 2018 முதல் குற்றம். டெக்சாஸில் சட்டப்படி பூட்டியதை வேலை மாறிக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனால் வழக்கில் சிக்க நேரலாம்.

நம்பர் இல்லாவிட்டால் அரசின் கண்ணில் படாது என்பார்கள். திருடு போனால் அது உங்களுடையது என்று போலீசிடம் எதைக் காட்டுவீர்கள்? திருடியவன் அதை வைத்து யாரையாவது சுட்டால், துப்பறிபவருக்குப் பிடிக்க நூலே இருக்காது. இழப்பு ஒரு குடும்பத்துக்கு. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். மூன்றாவது வழியை நான் யாருக்கும் சொல்லவில்லை.

முதல் துப்பாக்கி என்றால் கடையில் முழுசாக வாங்குங்கள். சுட்டுப் பழகி, அதன் உள்வேலை தெரிய வேண்டும் என்ற ஆசை வந்தபின் லோயர் வாங்குங்கள். கைவேலைக்காக மட்டும் கேட்பவருக்கு இன்னொன்று இருக்கிறது: குழல் வாய்வழியே கருமருந்து இடிக்கும் பழைய மாதிரி கென்டக்கி ரைஃபிள் கிட். மத்திய சட்டத்தில் அது பழம்பொருள் வகை, படிவம் 4473 கிடையாது. மாநில விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தை இழைத்து, எண்ணெய் பூசி, குழலுக்கு நிறம் ஏற்றிப் பல வாரம் ரசித்துச் செய்யலாம்.