எலியா, கினிப்பன்றியா? பிறப்புக்கு முன்னும் பின்னும் மூளையை மாற்றும் ஹார்மோனை எதில் ஆராய்வது?

கருவிலோ பிறந்த சில நாட்களிலோ மூளையை எட்டும் ஹார்மோன், வளர்ந்த விலங்கின் புணர்ச்சி நடத்தையை நிரந்தரமாக மாற்றிவிடும். இதை முதலில் தெளிவாகக் காட்டிய பெருமை கினிப்பன்றிக்கு உரியது. 1959-இல் ஃபீனிக்ஸ், கோய், ஜெரால், யங் ஆகிய ஆய்வாளர்கள் நால்வர், சினையாக இருந்த கினிப்பன்றிகளுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்ததும் அவற்றின் சூலகத்தை நீக்கி, பெண் ஹார்மோன்களான எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் அவை ஆணுக்கு முதுகை வளைத்து இடம் கொடுப்பது வெகுவாகக் குறைந்திருந்தது.

ஆனாலும் இன்று ஆய்வகங்களில் எலிக்குத்தான் முதலிடம். கினிப்பன்றியின் சினைக்காலம் சுமார் 68 நாள். குட்டி மயிரோடு, கண் திறந்தே பிறக்கும். மூளை ஆண், பெண் எனப் பிரியும் கட்டம் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். எனவே மருந்து தாய் வழியாகத்தான் போக வேண்டும். கருவுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று சொல்வது கடினம். எலிக்குச் சினைக்காலம் 22 நாள்தான். அந்தக் கட்டம் பிறந்த பிறகும் சில நாள் நீடிக்கிறது. ஆண் குட்டிக்குப் பிறந்த அன்றே விரை நீக்கினால், வளர்ந்தபின் பெண் ஹார்மோன்களைப் பெற்றதும் அது பெண்ணைப் போல முதுகை வளைக்கும். ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்றுக்கு ஹார்மோன், இன்னொன்றுக்கு ஹார்மோன் கலக்காத வெறும் எண்ணெய் என்று ஊசி போட்டு ஒப்பிடலாம். இந்த வசதி மிகப் பெரிது.

அதே வசதியில்தான் சிக்கலும் இருக்கிறது. தாய் எலி, ஆண் குட்டிகளின் பின்புறத்தைக் கூடுதலாக நக்கும். டெஸ்டோஸ்டிரோன் பெற்ற பெண் குட்டிகளையும் அப்படியே நடத்தும். அப்படி நக்குவதே ஆண் குட்டியின் பிற்காலப் புணர்ச்சி நடத்தையைப் பாதிக்கிறது என்று ஆய்வாளர் செலியா மூர் காட்டினார். நடத்தையை மாற்றியது ஹார்மோனா, தாயின் கவனிப்பா? இதைப் பிரித்துப் பார்க்காத எலி ஆய்வை நான் அரைகுறை என்றே சொல்வேன்.

இன்னொன்று, எலியின் மூளையில் டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் எஸ்ட்ராடியால் என்ற எஸ்ட்ரோஜனாக மாறித்தான் வேலை செய்கிறது. ரீசஸ் குரங்கிலோ, அப்படி மாற முடியாத இன்னொரு ஆண் ஹார்மோனான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனைக் கருவில் பெற்ற பெண் குட்டிகளும் ஆண் குட்டிகளைப் போல முரட்டுத்தனமாக விளையாடின. எலியில் கண்டதை மனிதர்மேல் அப்படியே ஏற்றுவது தவறு.

மூளைச் செல்லுக்குள் நடப்பதைத் தேடுபவர் எலியை எடுக்கட்டும். தாயின் உடலில் சேரும் வேதிப்பொருள் கருவை என்ன செய்கிறது என்று கேட்பவருக்கு, அந்தக் கட்டம் பெரும்பாலும் கருவிலேயே முடிந்துவிடும் கினிப்பன்றியே என் தேர்வு.