முன்கூட்டியே எழுதி வைக்கப்படாத மோதல்: ‘பேக்பிரேக்கர்’ விளையாட்டு ஒரு மதிப்பீடு

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். மூன்று முயற்சிகளில் ஒன்பது கெஜத்தைக் கடந்துவிட்டு நான்காவது முயற்சியில் பந்தை மார்போடு அணைத்து ஓடும் ரன்னிங் பேக்கின் மீது எதிரணியின் தடுப்பாட்டக்காரரான லைன்பேக்கர் வந்து மோதும்போது, ஓடியவர் முன்னே விழுகிறாரா பின்னே சாய்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து பந்து யாரிடம் இருக்கும் என்பது முடிவாகிறது. ஆகவே இந்த ஆட்டத்தைக் கணினித் திரைக்குக் கொண்டுவருகிறவர்கள் மோதலை வெறும் கண்காட்சியாகக் கருத முடியாது. ஆட்டத்தின் கணக்கே அதற்குள்தான் இருக்கிறது. இதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டு உருவாக்கப்பட்ட விளையாட்டு என்பதால்தான், 2010 ஜூனில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்களுக்கு வந்த ‘பேக்பிரேக்கர்’ இன்றும் எடுத்து ஆராயத் தகுந்ததாக இருக்கிறது.

அதன் அருமை புரிய, அதற்கு முந்தைய விளையாட்டுகளில் டாக்கிள், அதாவது பந்தோடு ஓடுகிறவரை மோதிப் பிடித்து வீழ்த்துவது, எப்படி நடந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். மோஷன் கேப்சர் கூடத்தில் இருவரை மோதவைத்து அந்த அசைவுகளைப் பதிவுசெய்து, அத்தகைய பதிவுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த பிறகு, ஆட்டத்தில் இரு வீரர்கள் நெருங்கியதும் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓடவிடுவதே வழக்கமான முறை. பதிவில் இருவரும் எந்த இடைவெளியில், எந்தக் கோணத்தில் நின்றார்களோ அதே நிலைக்குத் திரையில் உள்ளவர்களும் வந்தாக வேண்டும் என்பதால், தொட முடியாத தூரத்தில் இருக்கும் தடுப்பாட்டக்காரர் காந்தத்தால் இழுக்கப்பட்டவர்போல் சறுக்கி வந்து ஒட்டிக்கொள்வார். பதிவு தொடங்கிய கணத்திலேயே அதன் முடிவும் தீர்மானமாகிவிடுகிறது. ஆடுகிறவர் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும், பக்கத்தில் இன்னொருவர் வந்து இடித்தாலும், விழ வேண்டியவர் விழ வேண்டிய இடத்தில்தான் விழுவார். கன்ட்ரோலர் கையில் இருந்தும் ஆட்டம் கையில் இல்லாத அந்த ஒன்றரை நொடியை, இந்த வகை விளையாட்டுகளின் மிகப் பெரிய குறையாகவே நான் கருதுகிறேன்.

பேக்பிரேக்கரை உருவாக்கிய நேச்சுரல்மோஷன், ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த நிறுவனம். அதன் யூஃபோரியா தொழில்நுட்பத்தை 2008இல் வெளிவந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ IV’ விளையாட்டிலேயே பலர் பார்த்திருப்பார்கள். அதில் தள்ளிவிடப்பட்டவர் தடுமாறி, கைகளை வீசி, சுவரைப் பிடிக்க முயன்று விழும் விதம் அதுவரை இருந்த விளையாட்டுகளில் இல்லாதது. சாதாரண ‘ராக்டால்’ முறையில் உடம்பு, மூட்டுகளில் கட்டப்பட்ட துணிப்பொம்மைபோலச் சரிந்து விழும். விழுகிறவருக்கு விழக் கூடாது என்ற எண்ணமே இருக்காது. யூஃபோரியா உடம்புக்குத் தசையையும் அனிச்சைச் செயலையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. சமநிலை குலையும்போது கால் ஓர் அடி எடுத்து வைக்கிறது, தரை நெருங்கும்போது கை ஊன்ற நீள்கிறது, தலை ஒதுங்கிக்கொள்கிறது. இந்தத் தற்காப்பு முயற்சி தெரிவதால்தான் பேக்பிரேக்கரில் விழும் உடம்பு உயிருள்ள உடம்பாகத் தோன்றுகிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். 110 கிலோ எடையுள்ள ரன்னிங் பேக் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார் என்றால் அவருடைய உந்தம் 660 அலகு. 100 கிலோ எடையுள்ள தடுப்பாட்டக்காரர் நேரெதிரே நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்தால் அவருடையது 500 அலகு. இருவரும் கட்டிப்பிடித்து ஒரே உடம்பாகிவிட்டால், மிஞ்சிய 160 அலகு 210 கிலோவை ஓடியவரின் திசையிலேயே நொடிக்கு ஏறத்தாழ முக்கால் மீட்டர் வேகத்தில் தள்ளும். அதாவது, தடுத்தது வெற்றிதான் என்றாலும் ஓடியவர் முன்னால்தான் விழுவார். அந்தக் கடைசி ஒரு கெஜம் கிடைத்துவிடும். தடுப்பவர் இன்னும் ஓர் அடி தாழ்ந்து முழங்காலைப் பிடித்திருந்தால் கதை வேறு: மோதும் விசை நிறை மையத்துக்குக் கீழே விழுவதால் உடம்பு சக்கரம்போல முன்னோக்கிச் சுழன்று கவிழும். இடுப்புக்கு மேலே தோளில் மோதினால் பின்னோக்கிச் சாயும். பயிற்சியாளர்கள் தாழ்ந்து நில், தாழ்ந்து மோது என்று ஓயாமல் சொல்வது இதனால்தான். பதிவு முறையில் இந்த வேறுபாடுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு பதிவு வேண்டும். பேக்பிரேக்கரிலோ அவை தாமாகவே விளைகின்றன.

இந்த முறையின் முழு வலிமையையும் காண விரும்புகிறவர்கள் இரண்டாவது தடுப்பாட்டக்காரர் வந்து சேரும் கணத்தைக் கவனிக்க வேண்டும். முதலாமவர் ஓடியவரின் இடுப்பைப் பற்றித் தொங்கிக்கொண்டிருக்கிறார். ஓடியவர் அவரையும் இழுத்துக்கொண்டு இரண்டடி நகர்கிறார். அப்போது பக்கவாட்டிலிருந்து மற்றொருவர் பாய, மூன்று உடம்புகளும் ஒன்றாகத் திரும்பி, யாரும் எதிர்பாராத திசையில் சரிகின்றன. அதே உத்தியை மறுபடி ஆடினால், அரை அடி வேறுபாட்டில் எல்லாம் மாறிவிடுகிறது. ஆட்டத்தை நிறுத்தி மறு ஒளிபரப்பில் கேமராவைச் சுற்றிச் சுற்றி நகர்த்திப் பார்க்கும்போது, யாருடைய கை யாருடைய தோளில் எப்போது பட்டது, எந்தத் தொடுகையால் கால் இடறியது என்று காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. விளைவுக்குக் காரணம் இருப்பதும், அந்தக் காரணம் கண்ணுக்குத் தெரிவதும் இவ்வகை விளையாட்டுக்கு எத்தனை பெரிய வரம் என்பதை மிகைப்படுத்திச் சொல்லவே முடியாது.

கேமராவும் இதற்கு ஏற்றவாறே அமைந்திருக்கிறது. மைதானத்தை உயரத்திலிருந்து பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, நாம் ஆட்டுவிக்கும் வீரரின் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக வந்து நிற்கிறது. எதிரே ஓடிவருகிறவரின் பருமனும் வேகமும் உள்ளபடியே உணரப்படுகின்றன. ஆனால் இதற்கான விலை அதிகம். குவார்ட்டர்பேக்காக நின்று பந்தை வீச வேண்டிய வேளையில், மைதானத்தில் எந்தப் பக்கம் யார் தனித்து நிற்கிறார் என்பதை ஒரே பார்வையில் கிரகிக்க இயலாமல், வாங்கப்போகும் வீரர்களை ஒருவர்பின் ஒருவராகத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உண்மையான குவார்ட்டர்பேக்குக்கும் இதே சிரமம்தான் என்று வாதிடலாம். ஆனால் அவருக்குக் கழுத்தைத் திருப்பும் சுதந்திரமும் ஓரக்கண் பார்வையும் உண்டு, திரைக்கு முன் அமர்ந்திருப்பவருக்கு இரண்டும் இல்லை. எனவே ஓட்டத்திலும் தடுப்பிலும் மனம் நிறையும் இந்த விளையாட்டு, வீச்சில் சோர்வடையச் செய்கிறது.

அணிகள் எல்லாம் கற்பனையானவை. அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பாலை நடத்தும் என்எஃப்எல் அமைப்பு 2004 டிசம்பரில் கணினி விளையாட்டுகளை வெளியிடும் ஈஏ நிறுவனத்தோடு தனியுரிமை ஒப்பந்தம் செய்துகொண்டதால், மற்றவர்கள் உண்மை அணிகளையும் வீரர்களையும் பயன்படுத்த வழியில்லாமல் போயிற்று. சின்னங்களை வரைந்து நாமே ஓர் அணியை உருவாக்கிக்கொள்ளும் வசதி இங்கே நன்றாக இருக்கிறது. அதற்குமேல் இந்தக் குறையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

என் உண்மையான மனக்குறை மோதலைச் சார்ந்தது. ஒவ்வொரு டாக்கிளும் மிகக் கடுமையானதாகவே தோன்றுகிறது. உண்மையான ஆட்டத்தில் பல தொடுகைகள் அரைகுறையானவை: ஒரு கை தோளில் பட்டு வழுக்கும், விரல்கள் சட்டையைப் பற்றி நழுவும், ஓடுகிறவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி மறுபடி நிமிர்ந்து ஓடுவார். இந்தச் சிறு தொடுகைகளில்தான் நல்ல ரன்னிங் பேக்கின் திறமை வெளிப்படுகிறது. பேக்பிரேக்கரின் உடம்புகள் விழுவதில் காட்டும் நுணுக்கத்தை விழாமல் தப்புவதில் அதே அளவுக்குக் காட்டுவதில்லை. அதைவிடக் கடினமானது முன்வரிசை. டாக்கிள் என்பது ஒரு கணத்தில் முடியும் மோதல். பிளாக் என்பது 140 கிலோ எடையுள்ள இருவர் மூன்று நான்கு நொடிகள் விடாமல் ஒருவரையொருவர் தள்ளும் போராட்டம். அங்கே நிறையும் வேகமும் மட்டும் போதாது. கை எங்கே பிடிக்கிறது, முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது, எந்தக் காலில் பாரம் இருக்கிறது, எதிரி எந்தக் கணத்தில் பாரத்தை மாற்றப்போகிறார் என்ற ஊகம், இவையெல்லாம் சேர்ந்தே முடிவைத் தருகின்றன. அந்தப் போராட்டத்தை இந்த விளையாட்டு நம்பத்தகுந்த விதத்தில் காட்டவில்லை.

ஒப்பீட்டுக்கு, ஈஏ வெளியிடும் ஃபுட்பால் விளையாட்டுத் தொடரான மேடனைச் சொல்லியாக வேண்டும். 1988இல் ஆப்பிள் II கணினிக்கு முதன்முதலாக வந்த அந்தத் தொடர், ஓர் அணிக்குப் பதினொரு பேர் இருந்தே ஆக வேண்டும் என்ற, முன்னாள் பயிற்சியாளரும் வர்ணனையாளருமான ஜான் மேடனின் பிடிவாதத்தில் பிறந்தது. மெய்ம்மைக்கான அக்கறை அதன் வேரிலேயே உண்டு. ஆயினும் நிகழ்நேர இயற்பியல் அதில் 2012இல் வந்த ‘மேடன் என்எஃப்எல் 13’ பதிப்பின் இன்ஃபினிட்டி எஞ்சின் வழியாகத்தான் நுழைந்தது. பதிவுகளை அப்படியே வைத்துக்கொண்டு, மோதல் நேரும்போது அவற்றின் மேல் விசைகளைக் கணக்கிட்டுத் திருத்துவது அதன் வழி. ஆட்டம் கட்டுக்குள் இருக்கிறது, உயரத்திலிருந்து பார்க்கும் கேமராவும் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் விசில் ஊதிய பின்பு வீரர்கள் தரையில் கிடப்பவர்கள் மீது கால் தடுக்கி விழுந்துகொண்டே இருந்த காட்சிகள் அந்தப் பதிப்பில் பரவலாகப் பேசப்பட்டன. தரையில் ஒருவர் கிடக்கிறார் என்பது கால்களுக்குத் தெரிந்தது, கண்களுக்குத் தெரியவில்லை. நடந்துபோகிற மனிதர் இரண்டடி முன்னதாகவே பார்த்து ஒதுங்கிக்கொள்வார். அந்த முன்னறிவு இயற்பியல் சமன்பாட்டுக்குள் இல்லாதது, அதைத் தனியே கற்பிக்க வேண்டும். 2024இல் வந்த ‘மேடன் என்எஃப்எல் 25’ பதிப்பும் இயற்பியல் சார்ந்த டாக்கிள் முறையையே தன் முதன்மைச் சிறப்பாக அறிவித்தது என்பதிலிருந்து, பேக்பிரேக்கர் எழுப்பிய கேள்வி பதினான்கு ஆண்டுகள் கழித்தும் தீராமல் இருந்ததை அறியலாம்.

பழைய கன்சோல் ஒன்று கையிலிருந்து, பேக்பிரேக்கர் தட்டும் கிடைத்தால், முழு ஆட்டத்தில் தொடங்க வேண்டாம். ‘டாக்கிள் ஆலி’ என்ற பகுதியில் தொடங்குங்கள். அலை அலையாக வரும் தடுப்பாட்டக்காரர்களை ஒற்றை ஆளாகத் தாண்டி எல்லைக்கோட்டை அடைவதுதான் அங்கே வேலை. வீச்சும் இல்லை, முன்வரிசையும் இல்லை, விளையாட்டின் பலவீனங்கள் எவையும் குறுக்கே வருவதில்லை. சில முறை பிடிபட்ட பிறகு, எதிரே வருகிறவரின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பப் பழகிவிடுவீர்கள். அவர் தம் பாரத்தை ஒரு காலுக்கு மாற்றிவிட்ட பின் திசை மாறுவது கடினம் என்பதை யாரும் சொல்லித்தராமலே உங்கள் விரல்கள் தெரிந்துகொண்டிருக்கும்.