கார்புரேட்டரைக் கழற்றும் முன்: பழைய மாருதி 800 காரில் பெட்ரோல் வரத்துக் கோளாறு

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய கார் ஓடும்போது திணறி நின்றால், பெரும்பாலான பட்டறைகளில் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். 1997ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்றைக் கடலூரில் நெடுங்காலமாக ஓட்டிவருபவன் என்ற முறையில் நான் சொல்வது, அதைக் கழற்றுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும் என்பதே. டேங்கிலிருந்து பம்ப் வரை பெட்ரோல் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று உறுதிசெய்யாமல் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினால், கோளாறு சில நாள்கள் அடங்கியிருந்துவிட்டு மறுபடியும் தலைகாட்டும்.

இந்த வண்டியில் மின்சார பம்ப் கிடையாது. எஞ்சினின் கேம்ஷாஃப்டால் (வால்வுகளைத் திறக்கும் சுழல் தண்டு) இயங்கும் மெக்கானிக்கல் பம்ப், பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து வண்டியின் நீளம் முழுவதும் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. ஆகவே டேங்குக்கும் பம்புக்கும் இடையிலுள்ள பாதையில் ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டிருந்தால், எஞ்சின் ஓடும்போது அதன் வழியாகப் பெட்ரோல் வெளியே சொட்டுவதில்லை. காற்றுதான் உள்ளே போகிறது. தரையில் ஈரமும் இல்லை, பெட்ரோல் வாடையும் இல்லை என்பதால் ஹோஸ் நன்றாக இருப்பதாகப் பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். பழைய வண்டிகளில் மிகுதியாகத் தவறவிடப்படும் இடம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் தெருவிலும் தண்ணீர் தேங்கியது. அதன்பின் சில வாரங்கள் வண்டி எடுக்கப்படாமல் நின்றது. மீண்டும் ஓட்டத் தொடங்கியபோது, காலையில் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது. நான்காவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஜெர்க் அடித்தது. புதுச்சேரிக்குப் போகும் வழியில் தவளக்குப்பம் வரை நன்றாக ஓடி, அரியாங்குப்பம் நெரிசலில் நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டால் தானாகவே ஸ்டார்ட் ஆகும். இரண்டு பட்டறைகளில் கார்புரேட்டரைச் சர்வீஸ் செய்து கொடுத்தார்கள், பிளக்கும் மாற்றினார்கள். பலன் நிலைக்கவில்லை.

பிறகு கூத்தப்பாக்கத்தில் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர் செய்துகாட்டிய சோதனை எனக்குப் புதிய தெளிவைத் தந்தது. வண்டி நின்ற உடனே ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்தார். பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீய்ச்சியடித்திருக்க வேண்டும். ஒரு துளிகூட வரவில்லை. "பாத்திரம் காலியா இருக்கு சார், பாத்திரத்தைக் கழுவி என்ன பிரயோசனம்?" என்றார். பாத்திரம் என்று அவர் சொன்னது, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிறையும் சிறு கிண்ணத்தை. அடுத்து, பிளக்கில் தீப்பொறி வராதிருக்கக் காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொன்னார். விட்டுவிட்டுத் துப்பியதே தவிர, சீரான வரத்து இல்லை. பம்ப் கெட்டுவிட்டது என்று வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சொல்லியிருப்பார்கள். அவரோ பம்பின் உறிஞ்சும் பக்க ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் புதிய ஹோஸ் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையைப் பெட்ரோல் கேனுக்குள் நேரடியாக விட்டார். அடுத்த செல்ஃபில் பாட்டிலுக்குள் பெட்ரோல் வேகமாகப் பாய்ந்தது. பம்ப் நலம்; குறை அதற்குப் பின்னால் என்பது அந்த ஒரு சோதனையில் தீர்மானமாகிவிட்டது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும் என்பதால், ஹோஸைக் கழற்றும் இந்த வேலையைத் திறந்த வெளியில், எஞ்சின் சூடு ஆறிய பிறகே செய்ய வேண்டும்.

டேங்கின் மேல் இரும்புக் குழாயோடு இணையும் ஹோஸ் வெளிப்பார்வைக்குப் புதிது போலவே இருந்தது. வளைத்துப் பார்த்தபோது கிளிப்புக்கு ஒட்டிய இடத்தில் நுண்ணிய விரிசல்கள் வாய் பிளந்தன. நீளவாக்கில் அறுத்தபோது உள்சுவர் ஊறிய அப்பளம் போலத் தொய்ந்திருந்தது. டேங்கை வடித்தபோது பாட்டிலின் அடியில் தண்ணீர் தனி அடுக்காக நின்றது. அதற்கும் கீழே செந்துருத் தூள். உறிஞ்சும்போது இந்தத் தூள் குழாயின் வாயை அடைப்பதும், எஞ்சின் நின்றதும் விலகிக் கீழே இறங்குவதும்தான் அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பின் காரணம். உப்புக் காற்று வீசும் கடலோர ஊரில் துருவைப் பற்றி வியக்க ஒன்றுமில்லை.

இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய ரகச் சாதாரண ரப்பரை மெல்ல மெல்ல இளக்கும். ஆகையால் புதிய ஹோஸ் வாங்கும்போது விலை மலிவைப் பார்க்காமல், உள்பக்கம் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் பூச்சுள்ள ரகமாகக் கேட்டு வாங்கினேன். மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாயின் ஹோஸையும் சேர்த்தே மாற்றினோம். டேங்கைக் கழற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டினோம். டேங்கில் ஓட்டை இருந்தால் காலி டேங்கின் மீது நேராக வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் ஆவியே வெடிக்கப் போதுமானது.

கார்புரேட்டரை எல்லாவற்றுக்கும் பிறகே திறந்தோம். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் அளவைச் சரிபார்த்து, மட்டம் நிறைந்ததும் வரத்தை அடைக்கும் நீடில் வால்வு தேய்ந்திருந்ததால் அதை மாற்றியதோடு வேலை முடிந்தது. மைலேஜுக்காகக் கலவையில் பெட்ரோலைக் குறைத்து வைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் கலவை ஏற்கெனவே மெலிந்துதான் எரிகிறது; மேலும் குறைத்தால் எஞ்சின் சூடேறி, பிக்கப்பும் போய்விடும். ஆகவே அதற்கு நான் சம்மதிக்கவில்லை. புகைப் பரிசோதனைச் சீட்டில் வரும் கார்பன் மோனாக்சைடு அளவை ஒவ்வொரு முறையும் குறித்து வைக்கிறேன். அது திடீரென ஏறினால் நீடில் வால்வோ ஃப்ளோட்டோ பிசகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இரண்டு கோடைகளைக் கடந்தும் அரியாங்குப்பத்தில் வண்டி நிற்கவில்லை. ஆயில் அளவு பார்க்கும்போது டிப்ஸ்டிக்கை முகர்ந்தும் பார்க்கிறேன். பம்பின் டயாஃப்ரம் (பெட்ரோலை இழுக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்கி, அளவு கூடி, வாடை அடிக்கும். பம்ப் இன்னும் பழையதுதான். மாற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன்.